வெயிலுக்கு நிற்காத நீலம்

1998-ல் அருப்புக்கோட்டையில் வீட்டில் கலர் பிரிண்டர் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்கும் ஒரு கையே அதிகம். சௌந்தர் அதில் ஒருவன். வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு ஜாதகம், பயோடேட்டா, கோயில் வரி நோட்டீஸ் என்று வந்ததையெல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் தலைக்கனத்துக்குக் காரணம் பிரிண்டர் இல்லை. மை தீர்ந்த கார்ட்ரிட்ஜை மற்றவர்கள் தூக்கி எறிவார்கள், இவன் ஊசியால் மை ஏற்றித் திரும்பவும் ஓட வைப்பான். மதுரைக் கடைக்காரர்களே அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள் என்று சொல்லித் திரிவான். எந்தக் கடைக்காரர் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவனுடைய அக்கா சௌடம்மாள் வீட்டை விட்டு இறங்கிப் போனாள். நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல், அப்பா அம்மா போன பிறகு தறியில் உட்கார்ந்து தம்பியைப் படிக்க வைத்தவள். மூன்று வருடமாகப் புத்தி ஒரு நிலையில் இல்லை. இதற்கு முன்னும் நாலைந்து தடவை கால் போன போக்கில் போயிருக்கிறாள். பந்தல்குடி ரோட்டிலோ கோயில் வாசலிலோ யாராவது பார்த்து, "சௌந்தரு அக்கால்ல இது" என்று பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இந்தத் தடவை பொழுது சாய்ந்தது, விடிந்தது, மறுபடியும் சாய்ந்தது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஸ்டேஷனில் மனுக் கொடுத்தாயிற்று. சிநேகிதன் பூமிநாதன் அச்சாபீஸ் வைத்திருந்தான். அவன் வீடு தேடி வந்து, "ஏலே சௌந்தரு, கறுப்பு வெள்ளையில ஆயிரம் நோட்டீஸு நான் அடிச்சுத் தாரேன். வெயிலு மழைக்கு அசையாது. காசு பத்திப் பேசாத" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான்.

சௌந்தர் கேட்கவில்லை. காரணம் இருந்தது. அக்கா போன அன்று கட்டியிருந்தது கிளிப்பச்சைச் சேலை. தெருவே திரும்பிப் பார்க்கிற பச்சை. அவனுடைய கல்யாணத்துக்கு எடுத்தது. கல்யாண ஆல்பத்தில் அதே சேலையில் தெளிவாக ஒரு போட்டோவும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் போட்டால் ஆயிரம் பெண்களில் ஒருத்தி. கலரில் போட்டால் ரோட்டில் போகிறவன்கூட அந்தச் சேலையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவான். இப்படித்தான் அவன் கணக்குப் போட்டான். போட்ட கணக்கில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. போட்டோவை மதுரையில் ஸ்கேன் செய்து ஃப்ளாப்பியில் வாங்கி வந்தான். படத்துக்குக் கீழே பெயர், வயது, பக்கத்து வீட்டு போன் நம்பர் எல்லாம் போட்டுவிட்டு, 'படத்தில் காணும் அதே சேலையையே உடுத்தியிருந்தார்' என்று ஒரு வரி சேர்த்தான். அந்த வரி அவனுக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

பாதி நோட்டீஸ் அடிப்பதற்குள் கலர் கார்ட்ரிட்ஜ் காலி. புதிது வாங்குவதென்றால் வீட்டு வாடகைக்குப் பக்கத்தில் வரும். அவன் எப்போதும்போலப் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். மேலே ஒட்டியிருந்த லேபிளைப் பிளேடால் கீறி எடுத்தான். அதன் அடியில் மூன்று சின்ன ஓட்டைகள். ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். பச்சைக்கென்று தனி மை கிடையாது, நீலமும் மஞ்சளும் சேர்ந்து விழுந்தால்தான் பச்சை. மதுரையில் சில்லறையாக வாங்கிய பாட்டில் மையைச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்கிற சிரிஞ்சில் உறிஞ்சி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சுக்கு நோகாமல் சொட்டுச் சொட்டாக இறக்கினான். அவசரப்பட்டால் பொங்கி வழிந்து ஒரு ஓட்டையின் மை இன்னொன்றில் கலந்துவிடும். அவன் அவசரப்படவில்லை. அக்கா காணாமல் போய் நாலாவது நாள். கையில் ஒரு நடுக்கம் இல்லை. பஞ்சால் துடைத்து, ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டி, டிஷ்யூ தாளில் அழுத்திப் பார்த்தான். மூன்று நிறமும் மூன்று கோடாக விழுந்தன. முதலில் வந்த நோட்டீஸை முன்னறைச் சுவரிலேயே ஒட்டினான். சேலை கிளிப்பச்சையாகவே இருந்தது.

அவனுக்கு அழுகை வரவில்லை. அவன் மனைவி ஜீவிதா இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். விசாரிக்க வந்தவர்களிடம் அவன் ஒரே பதிலை ஒரே குரலில் சொன்னான். இட்லியை வைத்தால் சாப்பிட்டான். படுத்தால் தூக்கம் வந்தது, அதுதான் அவனுக்கே கேவலமாக இருந்தது. உள்ளே எதுவோ மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறு மாதிரி, தொட்டால் தொடுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. ஜீவிதா ஒருநாள், "ஒரு தடவையாவது வாய்விட்டு அழுதுருங்க, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "சரி" என்றான். அழவில்லை.

பசை வாளியும் நோட்டீஸ் சுருளுமாகப் பந்தல்குடி, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி, காரியாபட்டி என்று ஒரு சுற்று சுற்றி வந்தான். நம் ஊர்களில் சுவரொட்டிக்கு ஆயுசு ஏது? மாடு தின்றது போக, சினிமாக்காரர்கள் மேலே ஒட்டினது போக, மிச்சத்தைக் கட்சிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் அக்கா இருந்த இடத்தில் வேறு யாராவது கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் மறுபடி மை ஏற்றி, மறுபடி அடித்து, மறுபடி ஒட்டினான். போன் ஒன்றும் வரவில்லை. முன்னறைச் சுவரில் மட்டும் அக்கா நிழலில் பத்திரமாக, பச்சையாக இருந்தாள்.

நாற்பது நாள் கழித்து, பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம், இரண்டாவது தடவையாகக் காரியாபட்டிக்குப் போய் இறங்கினான். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சந்தனம் என்கிற பெண்மணியின் டீக்கடை. ஐம்பது வயதிருக்கும். முதல் தடவை அவள் கடையின் வெளிச்சுவரில்தான் கேட்டு ஒட்டியிருந்தான். அவனைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க தம்பி, அக்கா கெடைச்சிட்டாகளா?"

"இல்லக்கா."

"கெடைச்சிருவாக. அந்தா பாருங்க, உங்க நோட்டீஸு மேல ஒரு பயல ஒட்ட விடல நானு. கட்சிக்காரன் வந்தான், சினிமாக்காரன் வந்தான். ஒரு பொம்பளையத் தேடிக்கிட்டு இருக்காக, கைய வச்சா தெரியும்னு வெரட்டி விட்டுட்டேன்."

சௌந்தர் திரும்பிப் பார்த்தான். நாற்பது நாளும் வெயிலில் நின்ற நோட்டீஸ். 'காணவில்லை' என்ற கறுப்பு எழுத்து அப்படியே இருந்தது. முகம் லேசாகச் சிவந்து, தலைமுடி செம்பட்டையாகியிருந்தது. அக்கா மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். சாயம்போன பச்சையோ வெளிறிய பச்சையோ அல்ல, சுத்தமான மஞ்சள். நீலத்தை வெயில் துடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. மஞ்சள் மட்டும் அசையாமல் நின்றது. அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்த மையை அவன்தானே ஏற்றினான்.

சந்தனம் டீ ஆற்றிக்கொண்டே பேசினாள். "ஒண்ணு சொல்லணும் தம்பி. இருவது நாளைக்கு முன்னால ஒரு பொம்பள வந்துச்சு. இந்தா, இந்தப் பெஞ்சுலதான் ரெண்டு நா கெடந்துச்சு. மூஞ்சியப் பாத்ததும் எனக்குச் சந்தேகம், இவுகதானோன்னு. நோட்டீஸுல அதுவரைக்கும் நான் மூஞ்சியத்தேன் பாத்திருந்தேன், சேலைய உத்துப் பாக்கல. எனக்கு எழுத்துத் தெரியாது. மதுரைக்குக் காலேசு போற புள்ளை ஒண்ண நிப்பாட்டி வாசிக்கச் சொன்னேன். படத்துல இருக்க அதே சேலைதான் கட்டியிருந்தாகன்னு போட்டிருக்குன்னுச்சு. இந்தம்மா கட்டியிருந்தது பச்ச. அழுக்கேறிக் கெடந்தாலும் நல்ல கிளிப்பச்ச. படத்துல மஞ்ச. நானும் அந்தப் புள்ளையும் மாத்தி மாத்திப் பாத்தோம். சரி, இது வேற ஆளுன்னு விட்டுட்டோம்."

"அவுக ஏதும் பேசுனாகளா?"

"நம்ம பாசை இல்ல தம்பி. தெலுங்கோ என்னவோ. சோத்த வச்சா வாயில வைக்காது. என்னையப் பாத்து 'ஊட்டா ஆயித்தா'ன்னு கேக்கும். நான் ஆச்சு ஆச்சுன்னு தலைய ஆட்டுனாத்தேன் திங்கும்."

சௌந்தர் வீட்டில் பேசுவது கன்னடம். தெருவைத் தாண்டினால்தான் தமிழ். 'சாப்பாடு ஆயிற்றா' என்ற அந்தக் கேள்வியை அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த நாள் முதல் கேட்டிருக்கிறான். எதிரில் இருப்பவர் சாப்பிட்டாயிற்று என்று சொல்லாமல் சௌடம்மாள் தட்டில் கை வைத்ததே கிடையாது. புத்தி போன பிறகும் அது மட்டும் போகவில்லை.

"பெறகு எங்க போனாக?" என்று கேட்டான். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

"மூணா நா காலையில நாந்தேன் மதுர பஸ்ஸுல ஏத்தி விட்டேன். யாரு எவருன்னு தெரியாம நான் எத்தன நாளைக்கு வச்சுப் பாக்க முடியும்? கண்டக்டர் தம்பிகிட்ட, டிக்கெட்டு நான் எடுத்துக்கிறேன், பெரியாஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டுருப்பான்னு சொன்னேன். அங்கன போனா யாராச்சும் பாப்பாகல்ல?"

சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். டீக் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஏந்தம்பி அப்பிடிப் பாக்குறீக? அது உங்க அக்கா இல்லேல்ல? ஆத்தீ... நானே ஏத்தி விட்டுட்டனா?"

சௌந்தர் அவள் கையைப் பார்த்தான். இரண்டு நாள் அக்காவுக்குச் சோறு போட்ட கை. நாற்பது நாளாக அவனுடைய நோட்டீஸைக் காவல் காத்தவள், எழுத்துத் தெரியாவிட்டாலும் ஆள் பிடித்து வாசித்துச் சரிபார்த்தவள். அவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தப்பு பாட்டிலில் இருந்தது, சிரிஞ்சில் இருந்தது, அவன் ஆசையாக எழுதிய அந்த ஒரு வரியில் இருந்தது. நாற்பது நாளாக வராத வலி இப்போது வந்தது. அது வரும்போது சாதாரணமாகத்தான் வந்தது, நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல.

"இல்லக்கா. எங்க அக்கா கட்டியிருந்தது மஞ்சச் சேலதான்" என்றான்.

"நெசமாவா?"

"என் கல்யாணத்துக்கு எடுத்த சேல. எனக்குத் தெரியாதா?"

சந்தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நிமிசம் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு தம்பி. இந்தாங்க, டீயக் குடிங்க. காசெல்லாம் வேணாம். புதுசா நோட்டீஸு வச்சிருக்கீகளா? இது ஓரமெல்லாம் கிழிஞ்சு கெடக்கு, மாத்தி ஒட்டிட்டுப் போங்க."

அவன் தோள்பையில் முந்தின நாள் அடித்த ஐம்பது நோட்டீஸ் சுருட்டிக் கிடந்தது. ஐம்பதிலும் கிளிப்பச்சை. ஜிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"தீந்துபோச்சுக்கா. இதுவே இருக்கட்டும்."

டீயைக் குடித்தான். பிறகு சொன்னான்: "ஆனா அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா திரும்ப வந்தா விட்டுராதீகக்கா. புடிச்சு உக்கார வச்சுட்டு இந்த நம்பருக்கே ஒரு போன் போடுங்க."

"அவுக யாரோ எவரோ. உங்களுக்கு எதுக்கு தம்பி?"

"அவுகளையும் யாராச்சும் தேடிக்கிட்டுத்தான இருப்பாக."

"அதுவும் சரிதேன்," என்று சந்தனம் பெருமூச்சு விட்டாள். "அவுக வீட்டு ஆளுகளும் உங்கள மாதிரி ஒரு நோட்டீஸு ஒட்டியிருந்தா நான் அந்தப் பொம்பளைய விட்டிருப்பனா தம்பி? நீங்களே சொல்லுங்க."

மதுரை பஸ் வந்து நின்றது. சௌந்தர் கிளாஸை வைத்துவிட்டு, "வாரேன்க்கா" என்று சொல்லி ஏறினான். கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டதும் பெரியாஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுத்தான். பையை முகத்தோடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அழுதான்.