ஒன்பது சென்டிமீட்டர்

பிரசவ ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் தையலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். காலையில் ஒன்பது மணிக்கு டோக்கன் எடுத்த அஜிதா பதினொன்றரைக்கும் அதே பெஞ்சில்தான் இருந்தாள். மடியில் பிள்ளை. அதன் இடதுகைச் சட்டையை நெஞ்சோடு சேர்த்து ஊக்கு குத்தியிருந்தது. கை அசையக் கூடாதாம். ஊக்கை எடுத்தாலும் அது அசையாது என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? பாலுக்கு அழும்போது வலதுகை காற்றில் துழாவும். இடதுகை தன் பாட்டுக்குக் கிடக்கும்.

எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். ஒரு வெள்ளைக்காரியின் வயிறு, அடிவயிற்றில் நூல்போல ஒரு கோடு. கீழே, 'சின்ன வெட்டு, தெரியாத தழும்பு' என்று எழுதியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அஜிதாவுக்கு முதலில் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் மற்றவர்கள்மேல்.

குலசேகரத்துக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட்டில் எட்டு வருஷமாகப் பால்வெட்டுகிறவள் அவள். ஒரு நாளைக்கு முந்நூறு மரம். ரப்பர் மரத்தின் பட்டையைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும், பால் வர வேண்டும், கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கும் தடியில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அது காயம். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே கத்தி ஓடாது. அவள் வெட்டில் காயம் பார்த்தவர்கள் கிடையாது. சூப்பர்வைசர் அனில்குமாரே புதிதாக வருகிறவர்களை அவள் மரங்கள் இருக்கும் பிளாக்குக்குக் கூட்டிவந்து காட்டுவார்.

பிரசவத்துக்கு முந்தின வாரம் ஸ்கேன் எடுத்தபோது, பிள்ளை தலை மேலேயும் கால் கீழேயுமாக இருக்கிறது, எடையும் நாலு கிலோவை ஒட்டி வரும், ஆபரேஷன்தான் என்றார்கள். நர்ஸ் பிளஸ்ஸி ஒரு தாளை நீட்டினாள். சாதாரண வெட்டா, சின்ன வெட்டா? சின்ன வெட்டு சீக்கிரம் ஆறும், மூன்று மாதத்தில் பழையபடி வேலைக்குப் போகலாம் என்று மனப்பாடமாகச் சொன்னாள். அஜிதாவின் புத்தி மரத்தில் நின்றது. பட்டையை வீணாக்காதவள்தான் நல்ல வெட்டுக்காரி, வெட்டு குறைந்தால் பட்டை சீக்கிரம் மூடும். மூன்று மாதம் தாண்டினால் அவள் பிளாக்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். சின்ன வெட்டு என்ற கட்டத்தில் அவளே பேனாவால் சரி போட்டாள். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் தன் ஆயுசில் செய்ததில்லை என்று இப்போது பல்லைக் கடித்தாள்.

ஏனென்றால் ஆபரேஷன் மேசையில் அவள் முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. காது மரக்கவில்லை. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பிள்ளையின் கால் வந்தது, இடுப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அவள் உடம்பே மேசையோடு சேர்ந்து ஆடியது. மயக்க மருந்து கொடுத்தவர், "மேடம், வெட்டைக் கொஞ்சம் நீட்டிரலாமா?" என்று கேட்டார். "வேண்டாம், வந்துரும்" என்றது டாக்டரம்மா குரல். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும் கேட்டார். ஒரு இழுப்பு. சுள்ளி ஒடிகிற சத்தம். அதுக்கப்புறம்தான் பிள்ளை அழுதது.

ஏழாம் நாளும் இடதுகை அசையாததால் பிள்ளையை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கை எலும்பு ஒடிந்திருக்கிறது, அது சேர்ந்துவிடும், நரம்பும் இழுபட்டிருக்கிறது, அது எந்த அளவுக்குத் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் இங்கிலீஷில் இருந்த ஒரு வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினார்: பிறவியிலேயே இடதுகைக்குப் பலம் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஆபரேஷன் எப்படி நடந்தது என்று எழுதியிருக்கும் தாளை வாங்கிக்கொண்டு வரச் சொன்னார்.

அஜிதாவின் புருஷன் விபின் லாரியில் மரத்தடி லோடு ஏற்றுகிறவன். ஆளைப் பார்த்தால் நாலு பேரை அடிப்பான்போல இருக்கும், ஆஸ்பத்திரிப் படியேறினால் குரல் எழும்பாது. பெரிய இடம், நாம எதுக்கு வம்புக்குப் போகணும், பிள்ளை நல்லபடியாக வந்தால் போதாதா என்று பஸ்ஸில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. எட்டு வருஷம் ஒரு காயம் போடாத கைக்காரி பெற்ற பிள்ளை பிறவி ஊனம் என்று எவளோ எழுதிவைத்திருக்கிறாள். அந்த வரியை அடித்து, நடந்ததை எழுதி வாங்காமல் இந்தப் படி இறங்குவதில்லை என்றுதான் வந்திருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். விபினை வெளியே நிறுத்திவிட்டார்கள். பிள்ளையைப் பிளஸ்ஸி வாங்கிக்கொண்டாள். டாக்டரம்மா பிளாஸ்திரியை உரித்துவிட்டு முகம் மலர்ந்தாள். நன்றாக ஆறியிருக்கிறது, கோடுகூடத் தெரியாது என்றாள். ஸ்கேல் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்து, ஒன்பது சென்டிமீட்டர் என்று பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாள். பிறகு மேசைமேல் இருந்த போனை எடுத்து, ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன், முகம் தெரியாது, மற்றவர்களுக்குக் காட்டத்தான் என்றாள்.

அஜிதா ரெண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"போட்டோ எடுக்காண்டாம் டாக்டர். எனக்குப் பேப்பர் வேணும். ஆபரேஷன் பேப்பரு."

அதெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், டிஸ்சார்ஜ் தாள் கொடுத்தாயிற்றே என்றாள் டாக்டரம்மா.

"அதுல பொய் இருக்கு. அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல ரெண்டு கையும் ஆட்டுகான்னு நீங்கதானே காட்டித் தந்திய?"

ஸ்கேனில் எல்லாம் தெரியாது என்றாள் டாக்டரம்மா. அஜிதா விடவில்லை. மயக்க மருந்துக்காரர் வெட்டை நீட்டச் சொன்னது, ரெண்டு தரம் சொன்னது, டாக்டரம்மா வேண்டாம் என்றது, சுள்ளி ஒடிந்த சத்தம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. பயிற்சி டாக்டர் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். டாக்டரம்மா சிரித்தாள். ஊசி போட்ட நேரத்தில் ஏதேதோ கேட்கிற மாதிரி இருக்கும் என்றாள். ஃபைலைத் திறந்து அந்தச் சம்மதத் தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"சின்ன வெட்டு வேணும்னு இதுல டிக் போட்டது யாரு? உன் கையெழுத்துதானே இது?"

அஜிதா எழுந்து உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்க கையெழுத்துதான். நான் பால்வெட்டுகவ, டாக்டர். வண்ணம் உள்ள தடிச்ச மரத்துக்கு நீள வெட்டு, ஒல்லி மரத்துக்குக் குட்டி வெட்டு. மரத்தைச் சுத்தி அளந்து பாத்துதான் போடுவோம். எவ்வளவு வெட்டணும்னு மரத்துக்கிட்டயா கேப்போம்?"

டாக்டரம்மா மணியை அழுத்தினாள். அடுத்த டோக்கன் உள்ளே வந்தது.

வெளியே வராந்தாவில் பிளஸ்ஸி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தாள். அஜிதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆபரேஷன் அன்றைக்கு அங்கே நின்றவள்தானே நீ, கேட்டது உண்மையா இல்லையா, அதையாவது சொல் என்றாள். பிளஸ்ஸியின் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையின் ஊக்கு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"எனக்க வேல போயிரும் அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரெக்கார்டு அறையில் இருந்த ஆள், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம் என்றான். அவள் எழுதிக் கொடுத்தாள். பிறகு மூன்று தடவை வந்தாள். ஒரு தடவை ஆள் லீவு, ஒரு தடவை ஃபைல் மேலே போயிருந்தது, கடைசித் தடவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டான்.

தொண்ணூறாம் நாள் அஜிதா எஸ்டேட்டுக்குப் போனாள். பிள்ளையைப் பால் சேகரிக்கிற ஷெட்டில் தொட்டில் கட்டிப் போட்டாள். ஊக்கு எடுத்தாகிவிட்டது. எலும்பு சேர்ந்துவிட்டது. கை அப்படியே கிடந்தது.

பட்டை சீவுகிற இடம் அந்த வருஷம் மரத்தின் அடிப்பக்கம் தாழ்வாக இருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும். குனியும்போதெல்லாம் அந்த ஒன்பது சென்டிமீட்டர் உள்ளே சுருக்கென்று இழுத்தது. இருநூற்றுச் சொச்சம் மரம் சமாளித்துவிட்டாள். அப்புறம் ஒரு மரத்தில் குனிந்து கத்தியை இழுக்கும்போது வயிற்றைப் பிடித்தது, கை துள்ளிவிட்டது. பட்டை தாண்டித் தடி வெள்ளையாகத் தெரிந்தது. எட்டு வருஷத்தில் முதல் காயம்.

அரை மணி நேரத்தில் அனில்குமார் வந்துவிட்டார். அவரிடம் கோபம் ஒன்றும் இல்லை, வேலை அது. சட்டைப் பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்துக் காயத்தில் வைத்தார். கார்பன் வைத்த புத்தகத்தில் எழுதிக்கொண்டே வாசித்தார். மரம் இருநூற்றுப் பதினேழு. காயம் நீளம் மூன்று சென்டிமீட்டர், ஆழம் ஏழு மில்லிமீட்டர். தடி தெரிகிறது. காரணம், வெட்டுக்காரியின் கைப்பிழை. பெயர், தேதி, நேரம். எழுதி முடித்துப் பேனாவை நீட்டினார்.

அஜிதா பேனாவை வாங்காமல் நின்றாள்.

"காரணத்தை மாத்தி எழுதுங்க சார். பிறவியிலேயே மரத்துக்குப் பட்டை பலம் இல்லன்னு எழுதுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளாடுதியா அஜிதா? கத்தி ஒனக்க கையிலயில்லா இருந்துது? நாளைக்கு மொதலாளி வந்து கேட்டா, மரத்துக்கு நான் பதில் சொல்லாண்டாமா?"

ஷெட்டுப் பக்கம் பிள்ளை அழத் தொடங்கியிருந்தது. அவள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவர் கார்பன் அடித்தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். வெட்டினவளுக்கு ஒரு நகல் கொடுப்பது எஸ்டேட் முறை. அவள் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அனில்குமார் தோளில் தொங்கிய டப்பாவைத் திறந்தார். மரத்தின் முன்னால் முட்டுக்குத்தி உட்கார்ந்து, காயத்தை முதலில் துணியால் ஒற்றி எடுத்தார். பிறகு மருந்தை விரலில் தொட்டு, ஓரமெல்லாம் அழுத்தி, நகம் படாமல், மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.