டூலியின் முறை

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர வெயிலில் நாளெல்லாம் கான்கிரீட் போட்டதில் டூலிக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல வலித்தது. மதுக்கடையில் கூட்டாளிகள் மூவரும் ஆளுக்கொரு சுற்று நால்வருக்கும் பீர் வாங்கித் தந்துவிட்டார்கள். அடுத்தது அவன் முறை. முறை தவறியவனோடு அந்த ஊரில் எவனும் வேலைக்குக்கூட நிற்கமாட்டான். கார்டை நீட்டினான். கார்டுக் கட்டணம் என்று மெஷின் அறுபது சென்ட் கூட்டிக் காட்டியது.

“என் காசை நான் குடுக்க எவனுக்குக் கூலி?” என்று கார்டை இழுத்துக்கொண்டான்.

“முறை வந்ததும் மெஷின்மேல பழியாடா, கஞ்சப்பயலே?” என்று கூட்டாளி நெவில் சிரித்தான்.

டூலி விட்ட குத்தில் நெவிலின் மூக்கு உடைந்தது. நெவில் முக்காலியால் திருப்பி அடித்ததில் டூலிக்கு இரண்டு பற்கள் தெறித்தன. கடைக்காரி குளோரியா இருவரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

தெருவில் மூக்கு ரத்தத்தைத் துடைத்தபடி நெவில் சொன்னான்: “பல்லு போனா போகுது மாப்ள. நீ வாங்கித் தரவேண்டிய நாலு பீர் இன்னும் பாக்கி.”