ஒரு ஊசி மட்டும் பதிவாகவில்லை

நோன்பு மாதத்தில் பகல் ஒரு மணிக்கு மேல் யாராவது என் மேசைக்கு வந்து தளம் வேலை செய்யவில்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். எந்தப் பக்கம், எதை அழுத்தினீர்கள், என்ன சொல்லிற்று என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். ஃபெஸ் நகரில் வீடு தேடிப் போய் ஊசி போடும் செவிலியர் சங்கத்தின் இணையதளத்தை ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தோள்குலுக்கலிலிருந்து பிழையைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு.

அன்று செவ்வாய், இருபத்தொன்பதாம் நோன்பு. மாலையில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். செவிலியர்களில் மூத்தவரான ரக்கியா வந்து நின்றார். அவர் தோளைக் குலுக்கவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

நுஹைலா என்ற ஏழு வயதுப் பெண் இருபது நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். எலும்பில் சீழ். இன்னும் ஆறு நாளைக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையில் குத்தியிருக்கும் குழாய் வழியே மருந்து ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வந்து ஏற்ற ஆள் உண்டு என்றால் பெருநாளுக்கு அனுப்புகிறேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கள் தளத்தில் இருபத்து நாலு வருகையும் பதிவாகி அச்சடித்த தாள் அவர் கைக்குப் போக வேண்டும். டாக்டர் மூன்று மணிக்குக் கிளம்பினால் விடுமுறை முடிந்துதான் வருவார். அப்போது மணி ஒன்றரை.

மற்ற நோயாளிகளின் பட்டியல் எல்லாம் பதிவாகிறது. இவளுடையது மட்டும், "மன்னிக்கவும், சேமிக்க முடியவில்லை" என்று வருகிறது. அம்மா குல்தூம் மூட்டை கட்டிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

முதலில், எனக்கு முன்பு இருந்த புண்ணியவானைத் திட்டினேன். தரவுத்தளம் நாம் அனுப்பும் ஒரு கட்டளையை மறுத்தால் காரணத்தையும் சொல்லும். அந்தக் காரணத்தைக் காட்டாமல் வெறும் மன்னிப்பு மட்டும் கேட்கும்படி ஸ்கிரிப்டை எழுதியது எந்த மடையன் என்று தேடினேன். அந்த வரி நான் எழுதியது. போன வருடம் யாரோ திரையில் ஆங்கிலம் ஓடுகிறதென்று புகார் செய்தபோது தரவுத்தளத்தின் வாயை அடைத்திருக்கிறேன். ரக்கியா பக்கத்திலேயே நின்றதால் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

இருபத்து நாலில் ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் நிராகரிக்கும்படிதான் அமைத்திருந்தேன். அரைகுறைப் பட்டியலோடு ஒரு நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாதே. ரக்கியா அந்தத் தாளை நீட்டினார். காலையிலிருந்து ஒவ்வொரு வருகையாகத் தனியே போட்டுப் பார்த்திருக்கிறார். இருபத்து மூன்றுக்கு நேரே சரி என்று குறி. வரும் ஞாயிறு விடிகாலை இரண்டரைக்கு நேரே மட்டும் பெருக்கல் குறி. நோன்போடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், இருபத்து நாலு தடவை. என் ஆறு வருடத்தில் இப்படி ஒரு புகார்த் தாளை நான் பார்த்ததில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ஒரு வரியை நேராகத் தரவுத்தளத்திலேயே கொடுத்துப் பார்த்தேன். தேதியும் நேரமும் செல்லாது என்றது. தேதி சரி. நேரம் சரி. ஒரு நாள் தள்ளித் திங்கள் இரண்டரை என்று கொடுத்தால் வாங்கிக்கொண்டது. ஞாயிறு என்றால் மாட்டேன் என்றது. மணி இரண்டே கால். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதை அச்சடிக்கலாமா என்று கேட்டேன்.

"டாக்டர் எண்ணிப் பாப்பாரும்மா ஹஸ்னா. அவர் எண்ணாட்டியும் நான் எண்ணுவேன்," என்றார் ரக்கியா.

பிறகு குனிந்து திரையைப் பார்த்தார். எந்த ஞாயிறு என்று விரல் விட்டு எண்ணினார். சிரித்துவிட்டார்.

"அடி போடி, அன்னிக்கு ரெண்டரை மணியே கிடையாதே. ராத்திரி டூட்டி பாத்திருந்தா தெரியும். வருஷத்துல அந்த ஒரு ராத்திரிக்குத்தான் நாங்க டூட்டி கேட்டு அடிச்சிப்போம். ஒரு மணி நேரம் மிச்சம்ல."

நோன்பு மாதத்துக்காக நாடு முழுவதும் ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்த கடிகாரத்தைப் பெருநாள் கழிந்த ஞாயிறு முன்னே தள்ளுவோம். இரண்டு மணி ஆனதும் மூன்று. நடுவிலுள்ள அறுபது நிமிடம் இந்த நாட்டில் யாருக்கும் இல்லை. நான் அந்த நேரத்தில் எப்போதும் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். தரவுத்தளத்துக்குத் தெரிந்திருந்தது. இல்லாத நேரத்தில் ஒரு குழந்தைக்கு மருந்து போடுவதாக எழுத மாட்டேன் என்று அது அடம்பிடித்திருக்கிறது. நான்தான் அதன் வாயை அடைத்திருந்தேன்.

அப்படியானால் மூன்றரை என்று போடலாமா என்றேன்.

"மூணரைதான். அடுத்தது எட்டரை இல்ல, ஒம்பதரை. மருந்துக்குக் கடிகாரம் தெரியாது. ஆறு மணி நேரம் மட்டும்தான் தெரியும்."

கடைசி ஏழு வருகைகளையும் அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன். கம்ப்யூட்டர் பேசாமல் வாங்கிக்கொண்டிருந்தால் அந்த இரவு இந்தக் குழப்பத்தில் யார் எப்போது போயிருப்பார்களோ. ஒரு பிழைச் செய்திக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது. சொன்னேன், வாய்விட்டே.

ஞாயிறு மூன்றரைக்கு யார் பெயர் என்று தளம் கேட்டது. ரக்கியா தன் பெயரைத் தானே தட்டினார். மற்றவர்கள் கைப்பேசி அலாரத்தை நம்பித் தூங்கிவிடுவார்களாம். தாள் அச்சாகி வெளியே வந்ததும் ஜிலாபா அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டாரென்று பிறகு சொன்னார்.

நாலு மணிக்கு குல்தூம் டாக்சியிலிருந்து கூப்பிட்டாள். என்னை அவள் பார்த்ததில்லை. அல்லாஹ் உன் பெற்றோரை மன்னிக்கட்டும் என்று, எங்கள் ஊர் வழக்கப்படி நன்றியாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கில்லை, ரக்கியாவுக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர்தான் உங்களுக்குச் சொல்லச் சொன்னார் என்றாள்.

ஞாயிறு காலை எழுந்ததும் தளத்தைத்தான் திறந்தேன். மூன்றரை மணி வரிசையில் மருந்து ஏற்றியதாக ரக்கியா பதிந்திருந்தார். குறிப்புக்கான கட்டத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: "பிள்ளை எழுந்திருக்கவே இல்லை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்."