பூசையில் வைத்த படிகம்

2 அக்டோபர் 2025, வியாழன்

குப்பியின் மூடியை மாற்ற மறந்துவிட்டேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

குப்பியில் இருந்தது எங்கள் மாலை வகுப்புச் செயல்திட்டம்: ஒரு பென்சீன் வளையம், அதன் ஒரு முனையில் அமிலத் தொகுதி, எதிர்முனையில் நைட்ரோ தொகுதி. எத்தனாலில் கரைத்து, ஊசித்துளையிட்ட அலுமினியத் தாளால் மூடி, மெல்ல ஆவியாகவிட்டு, ஒரே ஒரு நல்ல படிகம் வளர்த்திருந்தோம். நாளை பல்கலைக்கழகத்தின் எக்ஸ்ரே கருவியில் எங்கள் முறை. உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தை அது காட்டினால்தான் சான்றிதழ்.

எனக்குச் சான்றிதழ் வேண்டும். என் கூட்டாளி மோகனா அக்காவுக்கு அது இல்லாமல் முடியாது. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் வரிசையில் நிற்கிறார். அந்தப் புகையை விட்டு விலகாவிட்டால் நுரையீரல் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேயே சோதனைக்கூடத்தில் ஓர் இடம் காலி, இந்த மாதத்துக்குள் சான்றிதழைக் காட்டினால்.

சரஸ்வதி பூசையில் குப்பியையும் வைக்கச் சொன்னது அக்காதான். ஹாஸ்டலில் சாமி மேடை இல்லாததால் என்னிடம் கொடுத்தார், தாளை எடுத்துவிட்டு இறுக்கமான மூடி போடும்படி சொல்லி. நேற்றுக் காலை தாளோடு அப்படியே குத்துவிளக்கின் அருகே வைத்துவிட்டேன். மாலையில்தான் நினைவு வந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்றார் அம்மா. அவர் தடுத்தார் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. எனக்கும் கை போகவில்லை.

இன்று காலை எத்தனால் முழுதும் வற்றியிருந்தது. படிகத்தின் மேல் வெள்ளைப் பொருக்கு.

மாலையில் ஆசிரியர் பெஞ்சமின் சார் அதை ஊசியால் சுரண்டி, ஒரு துண்டை முனைவுற்ற ஒளி நுண்ணோக்கியில் வைத்துத் திருப்பினார். நல்ல படிகமென்றால் முழுதும் ஒரே சமயத்தில் இருளும். இது திட்டுத் திட்டாக இருண்டது; பல படிகங்கள் ஒட்டிக்கிடந்தன, எக்ஸ்ரேக்கு உதவாது. மறுபடி வளர்க்கலாம், ஆனால் கருவி இனி டிசம்பரில்தான் கிடைக்கும் என்றார்.

அக்கா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"சாமிக்கு வச்சது, சாமியே எடுத்துக்கிச்சு லா."

நான் மூடியைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கப்போய் இருமினார். அடங்க நேரமாயிற்று.

"சாயங்காலமே தெரியும்ல தம்பி? ஒரு போன் போட்டிருக்கலாமே. நான் வந்து தொட்டிருப்பேன். பாவம் எனக்கு வந்திருக்கும்."

 இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் பையை எடுத்துக்கொண்டு, அக்கரைக்குப் படகேற ஜெட்டிக்கு நடந்தார்.

நாளை: காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, எங்கள் முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்ல வேண்டும்.