மெர்சி மிஸ் சந்தில் சாப்பாட்டு நேரம்

ஆம்பூரில் மெர்சி மிஸ் வீட்டுச் சந்துக்குள் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை தோல் நாற்றம் வருவதில்லை. சந்து முனை டிரான்ஸ்பார்மர் வரை வந்து, அங்கேயே நின்றுவிடும். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த மெர்சி, வேலையை விட்டுவிட்டு, சர்ச்சில் பழகிய கீபோர்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே இது நடந்தது. அவளுடைய முறை ஒன்றுதான்: வாயால் பாடிக் காட்டாத சுரத்தை விரல் தொடக் கூடாது. ஒரு பாட்டுக்கு நாலு மாதம் ஆகும். நாற்றத்தைப் பற்றிக் கேட்டால், "பசங்க பாட்றாங்க, அது போவுது. எனக்கு இன்னா தெரியும்?" என்பாள்.

இதனால் பிழைத்தவள் ஜஹீதா, ஒன்பது வயது. அவள் அம்மா ஹலீமா பீ தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவள். பச்சைத் தோல் வாடை மூக்கில் ஏறினால் பிள்ளைக்குச் சோறு இறங்காது, கக்கிவிடும். கீபோர்டில் சேர்த்ததே அந்தச் சந்தில் உட்கார்ந்து ஒரு வேளையாவது சாப்பிடட்டும் என்றுதான். மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, தன் முறைக்கு எழுந்து போவாள்.

மெர்சியிடம் சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டவர்களில் முதல் ஆள் பிரேம்நாத். பிறகு ஒடுகத்தூரிலிருந்து ஹேமலதா பஸ் ஏறி வந்தாள். விரிஞ்சிபுரம், கலவை என்று ஐந்து வருஷத்தில் மெர்சியோடு சேர்த்து நாற்பத்தொரு பேர் ஆனார்கள். அவர்கள் வகுப்பு வைத்த தெருக்களிலும் அந்தந்த ஊர் நாற்றம் ஒதுங்கியது. சிறுவர் இசை ஆசிரியர் சங்கம் வைத்து, பிரேம்நாத்தைத் தலைவனாக்கி, அடையாள அட்டை அடித்து, ஆண்டு விழாவும் அறிவித்தார்கள். அதோடு கெட்டது. பெற்றவர்களுக்கு இரண்டே மாதத்தில் பிள்ளை மேடை ஏற வேண்டும். கீபோர்டில் டெமோ என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கினால் பெட்டி தானாகவே முழுப் பாட்டையும் வாசிக்கும், பிள்ளை மேலே விரலை ஆட்டினால் போதும். பிரேம்நாத் அமுக்கினான், முப்பத்தொன்பது பேர் பின்னாலேயே அமுக்கினார்கள். அன்றைக்கே ஸ்பீக்கர் ஓட்டைகள் வழியாக நாற்றம் வந்தது. ஷாப்பு நாற்றம்கூட அதற்குத் தேவலை. உப்புப் போட மறந்து புழு வைத்துப்போன பச்சைத் தோலின் நாற்றம் அது. ஆசிரியர்கள் ரூம் ஸ்ப்ரே அடித்தார்கள். பெற்றவர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் செல்போனில் படம் பிடித்தார்கள்.

மெர்சியும் ஒருமுறை தவறினாள், அதை மறைக்க மாட்டேன். "அக்கா, உன் பசங்க மேடையில தடுமாறினா சங்கத்துக்கே அசிங்கம். பட்டன அமுக்கு, இல்லன்னா அட்டையக் குடுத்துடு," என்றான் பிரேம்நாத். அட்டை போனால் பிள்ளைகள் போய்விடுவார்கள், அப்புறம் ஜஹீதா எங்கே சாப்பிடுவாள் என்று பயந்து, ஒத்திகையில் அமுக்கினாள். எட்டு நொடிதான். ஜஹீதா சுவரோரம் ஓடி அன்றைக்குத் தின்றதையெல்லாம் கக்கினாள். மெர்சி அதை வாரிக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு போய் அட்டையைப் பிரேம்நாத்தின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த வாரமே மற்றப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது ஜஹீதா ஒருத்திதான். அவள் தனியாக வாசித்தாலும் நாற்றம் டிரான்ஸ்பார்மரிலேயே நின்றது. இது வெளியே தெரிந்தபின், நாலு மணி ஆனால் அம்மாக்கள், பெட்டி நாற்றத்தில் சோறு இறங்காத பிள்ளைகளையும் டிபன் பாக்ஸையும் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் வரிசையாக உட்கார்ந்துவிடுகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் வாயைத் துடைத்து, நேரே பிரேம்நாத் வகுப்புக்குக் கூட்டிப்போகிறார்கள். மெர்சியிடம் சேர்ந்தால் மேடை கிடையாதே. ஒருவருக்கும் கூச்சம் இல்லை. போன மாதத்திலிருந்து பிரேம்நாத்தும் தன் மகனைக் கொண்டுவந்து ஊட்டுகிறான். வாசிப்பு நின்றால் நாற்றம் உள்ளே வந்துவிடும் என்பதால், ஜஹீதா வாசித்துக்கொண்டே இருக்க, மெர்சி அவள் வாயில் சோற்றை வைக்கிறாள். நேற்று வலது கை வலித்து ஜஹீதா ஒரு கணம் வாசிப்பை நிறுத்தினாள்.

"நிறுத்தாத பாப்பா, இவனுக்கு இன்னும் நாலு வாய் இருக்குது," என்றான் சங்கத் தலைவன்.

ஜஹீதா கையை மாற்றிக்கொண்டு வாசித்தாள்.