ஏப்ரல் இதழின் அட்டை

ஆசிரியர் இரண்டு அட்டைகளையும் செல்போனில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். அக்கா செய்ததில் நடிகையின் முகத்தைச் சுற்றி ஏழு தலைப்புகளும் எறும்புக் கூட்டமாய் மொய்த்தன. தங்கை செய்ததில் மஞ்சள் நிறம், நடுவே ஒற்றை நாற்காலி, அவ்வளவுதான்.

"இதுதான்" என்று நாற்காலியைத் தொட்டார். "இப்ப யாரும்மா கடையில தொங்குறதப் பாத்து வாங்குறாங்க? எல்லாம் போன்லதான்."

பதினெட்டு வருடமாக அந்தப் பத்திரிகையின் அட்டை அக்காவுடையது. அவள் சேர்ந்தபோது ஓவியர் வரைந்த முகங்கள்தான் வந்துகொண்டிருந்தன. அவற்றை நிறுத்திவிட்டுப் புகைப்படம் போட்டவள் அவளே. ஓவியர் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு போட்டிப் பத்திரிகைகள் பெருகவும், தலைப்புகளை ஒவ்வொன்றாய் ஏற்றி, நடிகையின் காதுவரை எழுத்தைக் கொண்டுபோனதும் அவள்தான். தங்கை வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த நாற்காலியை ஒரு மத்தியானத்தில் முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். அக்கா விழுந்து விழுந்து படித்து வாங்கிய மார்க்கைத் தங்கை ஊர் சுற்றிக்கொண்டே வாங்கினாள்.

அச்சுக்குப் போகுமுன் கடைசியாய்ச் சரிபார்ப்பது அக்காவின் வேலை. பத்திரிகையின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் 'மார்ச்' என்றிருந்தது. போன மாதக் கோப்பின் மேலேயே வேலை செய்த தங்கை அதை 'ஏப்ரல்' என்று மாற்ற மறந்திருக்கிறாள். அக்கா இரண்டு முறை பார்த்தாள். அச்சகத்து ஃபோர்மேன் போனில் கூப்பிட்டார்.

"பாத்துட்டீங்களாம்மா? ஓட்டிடலாமா?"

"ஓட்டுங்க."

அரை மணி கழித்துத் தங்கை சாப்பாட்டு டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "காலைலேந்து பயமாவே இருந்துச்சுக்கா, எங்கயாவது தப்பு விட்டிருப்பேனோன்னு. அப்புறம் நீதான் பாக்கப்போறன்னு நெனச்சதும் நிம்மதியாயிட்டேன்."

அந்த நிம்மதிகூடத் தங்கைக்கு இத்தனை சுலபமாய்க் கிடைக்கிறதே என்று அதற்கும் அக்காவுக்கு வயிறு எரிந்தது. தங்கை நீட்டிய டப்பாவிலிருந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாயை டப்பாவின் மூடியிலேயே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போன் போட்டாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகுதான் எடுத்தார்கள்.

"நிறுத்துங்க. அட்டையில..." என்றாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

"கேக்கலம்மா, மிஷின் ஓடுது. சத்தமாச் சொல்லுங்க."

எதிரே தங்கை மெல்லுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். காதருகே, போனுக்குள், தாள் மேல் தாள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.