ஓய்வுக்கு ஒரு கால அட்டவணை

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றவர்கள் இரண்டு நாள் உருட்டுகிற கோப்புகளை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். மேனேஜர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு இன்னொரு கோப்புக் கட்டை மேஜையில் வைப்பார். அந்தப் புகழுக்கே பதினாலு வருடம் மாடாய் உழைத்தார் மனுஷன். போன வாரம் கோப்புகளின் மேலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளை, கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டாக்டர் பத்து நாள் முழு ஓய்வு என்றார்.

"பிரஷர் இறங்கலேன்னா அடுத்த தடவை நீங்க நடந்து வர மாட்டீங்க. தூக்கிட்டுத்தான் வருவாங்க."

மனைவி விடுவாளா? அவருடைய போனையும் லேப்டாப்பையும் பீரோவில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் தன் வேலைக்குக் கிளம்பினாள்.

ஓய்வு என்ன லேசுப்பட்ட வேலையா? நோட்டை எடுத்துக் கோடு போட்டார் எக்ஸ்பிரஸ். ஒன்பதிலிருந்து பத்தரை வரை சும்மா இருத்தல். பத்தரைக்குக் குட்டித் தூக்கம், அலாரத்தோடு. ஐந்து நாள் ஓய்வை மூன்றே நாளில் முடித்துவிட்டதாக மனைவியிடம் பெருமையடித்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிரஷர் என்னவோ முன்னைவிட ஏறித்தான் இருந்தது. அவருக்கே உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

பயத்தை மறக்க ஏதாவது செய்ய வேண்டாமா? பள்ளி விடுமுறையில் தரையில் படுத்து மீன் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஏழு வயது மகள் கண்ணில் பட்டாள். தொலைந்தது. மீன் முடிந்ததும் கப்பலைக் கொடுத்தார். கப்பல் முடிந்ததும் கோட்டை, பிறகு ரயில். அன்றைக்கு நாலு படம், நாலு சபாஷ்.

மறுநாள் யானையைக் கொடுத்தார். மத்தியானம் வந்து பார்த்தால் ஒரு கால்தான் சாம்பல் நிறமாகியிருந்தது.

"என்ன கண்ணு, நேத்து நாலு படம் முடிச்சே. இன்னைக்கு ஒரு காலுக்கே இவ்வளவு நேரமா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முடிச்சா நீங்க அடுத்தது குடுப்பீங்களேப்பா."

எக்ஸ்பிரஸுக்குச் சுருக்கென்றது. தனக்குப் பதினாலு வருடமாகப் புரியாதது இவளுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டதே என்ற வெட்கம்கூடப் பெரிதில்லை. போனோடு பீரோவில் பூட்டி வைத்ததாக நினைத்த மேனேஜர் இத்தனை நேரமும் இந்த வீட்டில்தான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார், எக்ஸ்பிரஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு.

மெல்ல அவள் பக்கத்தில் தரையில் படுத்தார். யானைக்கு இன்னும் மூன்று கால் பாக்கி இருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.